உவர்நீரில் அலசும் கூந்தல்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி கட்டி வெயிலில் காயவைக்கும் நீர், உப்பு பூக்கும் கட்டத்துக்கு வரும்போது அதில் லிட்டருக்கு 300 கிராமை ஒட்டி உப்பு இருக்கும். கடலைவிட எட்டு, ஒன்பது மடங்கு. அந்த நீருக்குள் கால் வைத்துக்கொண்டுதான் இங்கே ஆண்கள் பலகையால் உப்பை வாருகிறார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, அதன்மேல் சும்மாடு வைத்துப் பெண்கள் உப்புக் கூடையைச் சுமக்கிறார்கள். கூடையிலிருந்து வடியும் நீர் நெற்றியிலும் பிடரியிலும் இறங்குகிறது. வெயில் ஏறினால் அது அங்கேயே காய்ந்து உப்பாகிறது.

பத்திரிகைகளில் வரும் அழகுக் குறிப்புகள் பெரும்பாலும் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சீயக்காயா ஷாம்புவா, எலுமிச்சையா தயிரா என்று அவை விவாதிக்கும். எந்தத் தண்ணீரில் அலசுகிறோம் என்று கேட்காது. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். குறைந்த செலவில் முடியைப் பேணுவதன் வேதியியலை மரக்காணத்தில் வைத்துப் பார்த்தால், வீட்டு வைத்தியங்களில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது மற்ற ஊர்களைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் முடி. தோலுக்கு வெளியே தெரியும் முடியில் உயிர் இல்லை. அது கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை. ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் இழைகள், ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பைத் தொடும் பின்னலின் நுனி ஐந்தாறு வருஷத்துக்கு முன் தலையை விட்டு வெளியே வந்தது. அத்தனை வருஷத்து வெயிலையும் தண்ணீரையும் அது கண்டிருக்கிறது. இழையின் உள்ளே நீளவாக்கில் கெரட்டின் கற்றைகள் இருக்கின்றன. வெளியே மெல்லிய செதில்கள், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஆறு முதல் பத்து அடுக்காகப் போர்த்தியிருக்கின்றன. செதிலின் மேற்பரப்பில் இயற்கையாகவே ஒட்டிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. முடி வழுக்குவதும் மின்னுவதும் அதனால்தான். காரத்தன்மையுள்ள சோப்பும் வெயிலும் சிறிது சிறிதாக அதை அழிக்கின்றன. அழிந்தது தானாக மறுபடி வராது.

உப்புநீர் முடியைத் தின்றுவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. சாதாரண உப்புக்குக் கெரட்டினை உடைக்கும் வலிமை கிடையாது. தொல்லை வேறு வகையில் வருகிறது. நீர் காய்ந்ததும் இழைகளுக்கு நடுவே உப்புப் படிகங்கள் தங்குகின்றன. அந்த நிலையில் சீப்பு போட்டால் படிகங்களின் கூர்முனைகள் செதில்களைச் சுரண்டுகின்றன. இதில் உப்புக்கே உரிய ஒரு குணமும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி உலர்ந்து படிகமாகும். கடலோரக் காற்று இந்த எல்லையை ஒரே நாளில் இரு பக்கமும் கடக்கக்கூடியது. அளத்திலிருந்து வந்து அலசாமல் விட்ட தலை இரவில் பிசுபிசுப்பதும், மறுநாள் உச்சிவேளையில் விறைப்பதும் இதனால்தான். அதனால் தலையை முழுக்கத் தேய்த்துக் குளிக்க முடியாத நாளில் ஒரு சொம்பு தண்ணீரையாவது ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டுப் பிறகு சீப்பைத் தொடுவது நல்லது.

உப்பைவிடப் பெரிய எதிரி வெயில். புற ஊதாக் கதிர் கெரட்டினில் உள்ள அமினோ அமிலங்களைச் சிதைக்கிறது. கருநிறத்தைத் தரும் மெலனினை வெளுக்கச் செய்கிறது. உப்பளத்தில் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெண்மையான உப்புப் பரப்பு அதைத் திருப்பி அனுப்புகிறது. முகத்திலும் காதோரத்திலும் அது கீழிருந்தும் படும். செம்பட்டையாகிப்போன முடியைப் பார்த்து எண்ணெய் காணாத தலை என்று சொல்லிவிடுகிறோம். பெரியவர்களின் முடியில் பெரும்பாலும் அது வெயில் வெளுத்த நிறம். எண்ணெய் அதை ஓரளவு மறைத்துக் காட்டும், மெலனினைத் திருப்பித் தராது. ஒரு முழத் துணி மட்டுமே இதைத் தடுக்கும். தலையைச் சுற்றிக் கட்டி, பின்னலையும் உள்ளே செருகிய துண்டுக்கு இணையான வெயில்காப்பு எந்தப் புட்டியிலும் விற்கப்படுவதில்லை. ஆனால் சின்னக் குழந்தையின் முடி மெலிந்து, நிறம் வெளுத்து, இழுத்தால் கையோடு வருகிறது என்றால் வெயிலைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது. புரதச்சத்துக் குறைவின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு எண்ணெயைவிட முட்டையும் பருப்பும், அங்கன்வாடியில் எடை பார்ப்பதும் முக்கியம்.

எண்ணெய்க்கு வருவோம். அளத்துக்குக் கிளம்பும் முன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, இறுக்கமில்லாமல் பின்னி, கொண்டை போட்டுத் துணி கட்டுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். இதற்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஆரத்தி ரேலே, ஆர்.பி. மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியை எண்ணெயில் நனைத்து, அலசி, வாரி, அதிலிருந்து எவ்வளவு புரதம் கரைந்து போகிறது என்று அளந்தார்கள். புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். கிளையில்லாத நேர்ச் சங்கிலி, சிறிய மூலக்கூறு, புரதத்தோடு ஒட்டும் தன்மை ஆகிய காரணங்களால் அது இழைக்குள் நுழைகிறது. கனிம எண்ணெய் மேலே படர்ந்து நின்றுவிடுகிறது. இந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் நடந்தது என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள இழை ஆய்வு நிறுவனம் 2001-இல் வேறொரு முறையில் சோதித்தபோதும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் புகுவது தெரிந்தது. அதனால் முடிவை நம்பலாம் என்பது என் கருத்து.

முடி நனையும்போது தண்ணீரைக் குடித்து ஏறத்தாழ 15 சதவீதம் பருக்கிறது, காயும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறை பருத்துச் சுருங்கும்போதும் செதில்கள் சற்றே விரிந்து பலவீனமாகின்றன. முன்கூட்டியே உள்ளே போன எண்ணெய் தண்ணீரின் இடத்தை ஓரளவு பிடித்துக்கொண்டு இந்தப் பருமனைக் குறைக்கிறது. ஆகவே குளித்த பிறகு வைப்பதைவிடக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு வைக்கும் எண்ணெய்க்கே பலன் அதிகம். வழிய வழிய வைக்க வேண்டியதில்லை. கூடுதல் எண்ணெயை எடுக்கக் கூடுதல் சோப்பு வேண்டும், கூடுதல் தண்ணீர் வேண்டும்; இரண்டும் இங்கே காசு. எண்ணெய் வைத்தால் முடி வளரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. இருக்கும் முடி உடையாமல் காக்கிறது, அதனால் நீளமாகத் தெரிகிறது. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊறவைக்கக் கூடாது. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. அவர்கள் நுனிமுடிக்கு மட்டும் தடவிக்கொள்ளலாம்.

இனித் தண்ணீர். மரக்காணத்தின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுவெளி என்னும் உவர்நீர் ஏரி. நடுவே பக்கிங்காம் கால்வாய். உப்பு விளைவதற்கு இதைவிடத் தோதான நிலம் அமையாது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் கிணறு தோண்டும் குடும்பத்துக்கு அதே நிலம்தான் துன்பம். நல்ல ஊற்றிலும் கடல்நீர் ஊடுருவி விடுகிறது.

அந்த ஊடுருவல் தலைக் குளியலில் என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் 410 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. கடினத்தன்மையாக (கால்சியம் கார்பனேட் கணக்கில்) மாற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 6,300 மில்லிகிராம். கிணற்றில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே கடினத்தன்மை 630-ஐத் தொடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு விரும்பத்தக்க அளவாக 200-ஐயும், வேறு வழியில்லாதபோது பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்சமாக 600-ஐயும் வைத்திருக்கிறது. 600 உள்ள நீரில் கட்டி சோப்பைத் தேய்த்தால், சோப்பின் மூலக்கூறுகள் அழுக்கைத் தொடுவதற்கு முன் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு கரையாத சுண்ணாம்புச் சோப்பாகப் படிகின்றன. ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிராம் சோப்பு இப்படிப் போகும். பத்து லிட்டர் வாளி முழுவதும் சோப்போடு கலந்தால் 35 கிராம், ஒரு சின்னக் கட்டியில் பாதி, நுரையே வராமல் வீணாகும். குளிக்கும்போது வாளியின் நீர் அத்தனையும் சோப்போடு கலப்பதில்லை, ஆகவே உண்மையான இழப்பு இதைவிடக் குறைவு. ஆனால் படியும் அந்த வெள்ளைப் பசை போவதற்கு வேறு இடம் இல்லை, முடியில்தான் ஒட்டுகிறது. குளித்த பிறகும் தலை சிக்காக, மங்கலாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் சோப்பைப் போடுவார்கள். அது இன்னும் கொஞ்சம் பசையைத்தான் சேர்க்கும்.

சீயக்காயின் அருமை இங்கேதான் தெரிகிறது. சீயக்காய், உசிலை இலையை அரைத்த அரப்பு, பூந்திக்கொட்டை மூன்றிலும் நுரைப்பது சபோனின் என்ற பொருள். அது கொழுப்பைப் பிடிக்கும் ஒரு பகுதியும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த ஒரு பகுதியும் கொண்டது. சோப்பைப் போல அது கால்சியத்தோடு சேர்ந்து கட்டியாவதில்லை. உவர்நீரிலும் வேலை செய்கிறது. சீயக்காய்க் கரைசல் லேசான அமிலத்தன்மை உடையது. முடிக்கு ஒத்துப்போவதும் அதுவே. கட்டி சோப்பு காரம். காரத்தில் முடியின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை கூடி, இழைகள் ஒன்றையொன்று தள்ளிப் பறக்கின்றன, உராய்வும் அதிகமாகிறது. சீயக்காயின் நுரை குறைவு என்று குறைபட வேண்டாம், அழுக்கை எடுக்க நுரை தேவையில்லை. அதன் உண்மையான குறைகள் வேறு. கண்ணில் பட்டால் சபோனின் கடுமையாக எரிக்கும். சரியாகச் சலிக்காத பொடியின் துகள்கள் முடியைச் சுரண்டும். இரவே ஊறவைத்து, காய்ச்சி, துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தினால் இரண்டாவது குறை தீரும். முதலாவதற்குக் கண்ணை மூடிக்கொள்வதுதான் வழி.

ஷாம்புப் பொட்டலத்தையும் நான் பகையாகப் பார்க்கவில்லை. மலிவான கூந்தல் பராமரிப்பின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதே கடற்கரையில், புதுச்சேரிக்குத் தெற்கே கடலூரில் நடந்தது. சின்னிகிருஷ்ணன் என்பவர் பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குப் பொருள்களைச் சின்னப் பொட்டலத்தில் தர வேண்டும் என்று முனைந்தவர். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்புப் பொட்டலம் வந்தது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அப்பாவின் பெயரின் எழுத்துகளிலிருந்துதான் சிக் என்ற பெயர். காலிப் பொட்டலங்கள் ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பொட்டலம் இலவசம் என்று அறிவித்தார். 1999-இல் 50 காசுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர். தினக்கூலிக்காரர் கையில் அன்றைக்கு இருக்கும் காசுக்கு ஏற்ற அளவு என்பது வெறும் விற்பனைத் தந்திரம் ஆகாது. வாரக் கடைசியில் நூறு ரூபாய்க்குப் பாட்டில் வாங்க முடியாத வீட்டை மதித்த முடிவு அது. காலிப் பொட்டலங்கள் வாய்க்காலிலும் வரப்பிலும் சேர்வது அதன் இன்னொரு பக்கம். பல படலங்கள் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம்.

ஷாம்புவில் இருக்கும் சல்பேட் வகைக் கழுவுபொருள்கள் கால்சியத்துக்குச் சோப்பைப் போல இலகுவில் அடிபணிவதில்லை. உவர்நீரில் கட்டி சோப்பைவிட ஒரு ரூபாய்ப் பொட்டலம் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். அந்த ஷாம்புவின் கெட்டித்தன்மைக்குப் பெரும்பாலும் காரணம் சாதாரண உப்பு. கழுவுபொருள் மூலக்கூறுகள் நீரில் சிறு உருண்டைத் திரள்களாக மிதக்கும். கொஞ்சம் உப்பு சேர்த்ததும் அவற்றுக்கிடையே உள்ள மின்விலக்கம் தணிகிறது; திரள்கள் நீளநீளமாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, திரவம் கூழாகிறது. அளவுக்கு மீறி உப்பு போட்டால் மறுபடி நீர்த்துவிடும். கெட்டியாக இருப்பதால் ஷாம்பு வீரியமானது என்று நினைத்து அதிக விலை கொடுக்கிறவர்கள், அந்தக் கூடுதல் பணத்தை உப்புக்குக் கொடுக்கிறோம் என்று உப்பளத்துக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பொட்டலத்தைக் கால் சொம்பு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பாதியே போதும்; தலைத்தோலுக்கும் சீராகப் போய்ச் சேரும்.

கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணீரை ஒதுக்கி வைப்பது இந்த ஊரில் செய்யக்கூடிய மிக மலிவான கூந்தல் பராமரிப்பு. முதல் அலசல்கள் உவர்நீரில் நடக்கட்டும். ஏற்கெனவே சுண்ணாம்புப் பசை படிந்த முடிக்கு அமிலம் தேவை. புளித்த வடிகஞ்சியைத் தெளியவைத்து எடுத்த நீர், அல்லது ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு அந்தப் பசையைக் கரைத்துவிடும். செதில்கள் படிந்து முடி வழுக்கும். ஆனால் எலுமிச்சையைச் சாறாக அப்படியே முகத்திலோ தலைத்தோலிலோ தேய்ப்பது இங்கே ஆபத்தான குறிப்பு. எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகத் தோலில், ஃபுரானோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டிருக்கும்போது வெயில் விழுந்தால் கொப்புளம் வரும், பிறகு மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்பு தங்கும். நிறம் கூட்டலாம் என்று எலுமிச்சை தேய்த்துவிட்டு அளத்துக்குப் போகிற பெண்ணுக்கு நேரெதிர் விளைவுதான் கிடைக்கும். மாலையில், நீர்த்த சாற்றை முடிக்கு ஊற்றிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். சமையல் சோடாவால் தலை கழுவச் சொல்லும் குறிப்புகளை முழுவதும் ஒதுக்கலாம். அது காரம், சோப்பு செய்யும் அதே தீங்கைச் செய்யும்.

வெந்தயம், செம்பருத்தி இலை, வடிகஞ்சி மூன்றுக்கும் தனித்தனிப் புகழ் உண்டு. வேதியியலில் மூன்றும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. வெந்தயத்தின் கொழகொழப்பு, செம்பருத்தியின் பசை, கஞ்சியின் மாவு எல்லாம் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். அவை இழையின்மேல் மெல்லிய படலமாகி உராய்வைக் குறைக்கும். கடையில் விற்கும் கண்டிஷனர் வேறு மூலக்கூறுகளைக் கொண்டு இதைவிட நீடித்து இதையே செய்கிறது. வீட்டில் எது சும்மா கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். முட்டை தேய்ப்பதற்கு மட்டும் நான் எதிர். முட்டையின் புரத மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. சாப்பிட்டால் அதே புரதம் வேர்க்காலுக்கு உள்வழியாகப் போய்ச் சேரும்.

அதிகப் பணம் செலவாவது முடி கொட்டுவதற்கான எண்ணெய்களில்தான். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு இழைகள் உதிர்வது இயல்பு. பிரசவம், கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். உடம்பு அதிர்ச்சியில் இருந்தபோது பல வேர்க்கால்கள் ஒரே சமயம் ஓய்வுக்குப் போனதன் விளைவு அது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் தானே சரியாகும். அந்தச் சமயத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு ஆகியவையும் முடியைக் கொட்டவைக்கும். கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். நானூறு ரூபாய் எண்ணெய் வாங்குவதற்கு முன் அங்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

உச்சந்தலையிலும் நெற்றியோரத்திலும் மட்டும் முடி தேய்கிறது என்றால் அது வேறு கதை. தினமும் ஒரே இடத்தில் சுமையும் உராய்வும், ஒரே திசையில் இறுக்கிய கொண்டையும் வேர்க்கால்களை நிரந்தரமாகப் பாழாக்கக்கூடும். சும்மாட்டுத் துணியைத் தடிமனாகவும் மென்மையாகவும் சுற்றுவது, கொண்டையைச் சும்மாட்டுக்கு அடியில் வராமல் பிடரியில் போடுவது, வாரத்துக்கொரு தடவை வகிடை மாற்றுவது ஆகிய மூன்றுக்கும் செலவு கிடையாது.

பாதத்துக்கும் இரண்டு வரி. செறிந்த உப்புநீர் தோலிலிருந்து நீரை இழுத்துவிடும். பாதத்தில் வெடிப்பு விழும், வெடிப்பில் உப்பு இறங்கினால் வேதனை சொல்லி மாளாது. வேலைக்கு இறங்கும் முன் தடவும் வாசலின் தோலில் நீர் நிற்கவும் உப்பு நுழையாமல் இருக்கவும் எந்த மூலிகைக் களிம்பையும்விட நன்றாக உதவும். அதற்கு 1872-இல் காப்புரிமை பெற்றார்கள். இன்றும் கடையில் மலிவான பொருள்களில் ஒன்று. ஆனால் ரப்பர் பூட்ஸுக்கு அது மாற்று ஆகாது. உப்புத் தூளால் பாதத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லும் குறிப்பை உப்பளத்தில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நின்றுவிடும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு 2022 முதல் கொடுத்துவருகிறது. கூலி இல்லாத அந்தக் காலத்தில்தான் இந்தக் கடலோரத்துக்கு வருஷத்தின் மிகச் சிறந்த குளியல்நீர் இலவசமாகக் கிடைக்கிறது. மழைநீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறத்தாழ இல்லை. முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டு, அடுத்த மழையை மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வைத்தால், துளி சோப்புக்கே நுரை வரும். மற்ற ஒன்பது மாதங்களுக்கு அளத்தோரத்திலேயே நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று வேண்டும். குடிக்க மட்டுமல்ல, வேலை முடிந்ததும் தலையையும் காலையும் கழுவிக்கொள்ளவும். இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லாப் பொடிகளும் எண்ணெய்களும் சேர்ந்து செய்வதைவிட அந்தத் தொட்டி அதிகம் செய்யும். அதைக் கேட்பது ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மீதி இருப்பது அலங்காரம். நனைந்த முடியில் கெரட்டின் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுகின்றன; காயும்போது அந்த நேரத்தில் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் மறுபடி பிணைகின்றன. அரை ஈரத்தில் பல மெல்லிய பின்னல்களாகப் பின்னியோ பழந்துணி நாடாக்களில் சுற்றியோ விட்டு, முழுக்கக் காய்ந்தபின் அவிழ்த்தால் அலையலையான முடி கிடைக்கும். மின்சாரமும் வேண்டாம், பார்லரும் வேண்டாம். சொட்டச் சொட்ட ஈரத்தில் பின்னக் கூடாது. நனைந்த முடி இலகுவாக நீண்டு அறுந்துபோகும். ஈரமுடியில் சூடான நேராக்கும் கருவியை வைப்பது இன்னும் கேடு. உள்ளே நீர் கொதித்து ஆவியாகி, இழைக்குள் குமிழ்கள் உண்டாக்கி, அங்கேயே முறிய வைக்கும்.

ஹைட்ரஜன் பிணைப்பை அவிழ்க்கக் காற்றின் ஈரமே போதும். ஜெனீவாவைச் சேர்ந்த டி சோசூர் 1783-இல் ஈரப்பதமானி ஒன்றை விவரித்தார். அதன் உணர்வுறுப்பு எண்ணெய் நீக்கிய ஒற்றை மனித முடி. முழு வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை முடி இரண்டு முதல் இரண்டரை சதவீதம் நீளும், முள் நகரும். இன்றும் அத்தகைய மானிகளைச் சரிபார்க்க, மூடிய பெட்டிக்குள் ஈரமான உப்பை வைப்பார்கள். உப்பு உள்ளே காற்றை 75 சதவீதத்தில் நிறுத்திவைக்கும், முள் அங்கே நிற்க வேண்டும். கடலோரத்தில் இரவு ஈரக்காற்றில் அலங்காரம் கலைவது இதனால்தான், யாருடைய கைப்பிழையும் இல்லை.

இதற்கு நிரந்தரத் தீர்வாகப் பார்லரில் சொல்வது கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளையே மாற்றும் சிகிச்சை. செலவைவிட உடல்நலத்தை எண்ணித் தயங்க வேண்டிய இடம் அது. சில நேராக்கும் கரைசல்கள் சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலம் உள்ள கரைசல்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. கல்யாணத்துக்கு அவசரமாகச் சாயம் பூசுகிறவர்களும் காதின் பின்புறம் சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கருஞ்சாயத்தில் உள்ள பாரா-ஃபினைலின்டையமின் பலருக்கு முகம் வீங்கும் அளவு ஒவ்வாமை தரும். உடனே கருக்கும் மருதாணி என்று விற்பதிலும் அது இருக்கக்கூடும். உண்மையான மருதாணி செம்பழுப்பாகவே பிடிக்கும்.

தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது. அன்று சுருள் நிற்காது. வெந்தய நீரின் தெளிவை அரை ஈர முடியில் தடவிக் காயவிட்டால் அந்தப் படலம் ஓரிரு மணி நேரம் பிடித்துவைக்கும். தூறல் விழுந்தால் அதுவும் போகும். அந்த நாளுக்கு நாலு கால் பின்னலே பொருத்தம். அதில் முடியைப் பிடித்து நிறுத்துவது இழைகளுக்கு இடையிலான உராய்வு. நனைந்தால் உராய்வு கூடுமே தவிரக் குறையாது.